பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

எருமப்பட்டி,
12.10.2025, ஞாயிறு.

அன்புள்ள தீபிகா அக்காவுக்கு,

தமிழினி எழுதுவது. இனி நடப்பதை எல்லாம் நடந்தபடியே உனக்கு எழுதப்போகிறேன். யாரையும் நல்லவராகவோ கெட்டவராகவோ காட்டுவதற்காக ஒரு வரியைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என் தவறுகளையும் சேர்த்தே எழுதுவேன். தாளில் எழுதி, அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சுற்றி நிற்கும் வீடியோ காலில் உண்மை பேச முடியாது என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

நேற்று நீ உக்ரைனிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து போனதைப் பார்த்திருப்பாய். உன் அப்பா உடனே போனைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். அதனால் முழுக் காரணம் உனக்குத் தெரிந்திருக்காது.

நான் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் தயாரிக்கிறார்கள். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழில் அச்சாகும், ஆயுசுக்கும் அதுதான். வகுப்பாசிரியை அறிவுச்செல்வி டீச்சர் ஆளுக்கொரு படிவம் கொடுத்து, "ஊட்ல காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இனிஷியல் தப்பாப் போச்சுன்னா அப்பறம் அதை மாத்தறதுக்கு அலைஞ்சே செருப்புத் தேஞ்சிரும்" என்றார். கடைசி நாள் நவம்பர் 21.

இப்போது நான் க. தமிழினி. க என்பது கண்ணுசாமி, என் அப்பா, உன் சித்தப்பா. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போனார். அங்கேயே தங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது ஊருக்கே தெரியும், நம் வீட்டில் மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை செய்து என்னை வளர்க்கிறாள். அதனால் சௌந்திரம் என்ற அவள் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு சௌ. தமிழினி ஆக விரும்புகிறேன்.

நேற்று இதைத்தான் கேட்டேன்.

"பெரீப்பா, இந்தப் படிவத்துல அம்மா பேரோட எழுத்தைப் போடலாமுங்களா? விதி இருக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"அப்பன் உசுரோட இருக்கறப்பவா? ஏன் அம்மிணி, மேட்டுக்காட்டார் ஊட்ல ஆம்பளையே இல்லைன்னு போர்டு எழுதி மாட்டலாம்னு இருக்கறயா?"

பெரியம்மா சிரித்தார். "சௌ. தமிழினின்னு போட்டாக் கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குமே! மாப்பளை பேரையும் பக்கத்துலயே போட்டரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "அவரு பேரைப் போட்டா மட்டும் காணாமப் போனவங்க விளம்பரமாட்ட இருக்காதுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்னது தவறு. சொன்னது பொய் இல்லை.

எனக்கு உன் உதவி வேண்டும். அந்த ஊர்க் குடும்பப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று நீதான் சொல்வாய். இப்போது நீ கிராமத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் படிப்புக்கான பயிற்சியில் இருக்கிறாய், நோயாளிகளின் பதிவேடு உன் கையருகே இருக்கிறது. அந்தப் பெயர்களும் அர்த்தங்களும் வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் எங்கிருந்தெல்லாம் பெயர் பெற்றிருக்கிறார்கள் என்று காட்டினால் பெரியப்பா என்ன சொல்கிறார் என்று பார்க்கிறேன்.

உன் தங்கை,
தமிழினி

*

தெர்னோபில் மாவட்டம்,
19.10.2025.

தமிழினிக்கு,

முதலில் உன் தலையில் ஒரு குட்டு. காணாமல் போனவர் விளம்பரமா? என் அப்பாவின் முகத்தை எதிரே பார்த்தவள் நான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் பெரியவர்களிடம் பேசுகிற பேச்சு இல்லை அது.

நான் நன்றாக இருக்கிறேன். சைரன் ஒலித்தால் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போகிறோம், பிறகு மேலே வருகிறோம். இதைச் சித்தியிடம் சொல்லாதே, அழுவார்.

நீ கேட்டது இதோ. நோய் விவரம் எழுதக்கூடாதுதான். இவர்களின் ஊரும் ஆளும் தெரியாத உனக்கு எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். அர்த்தம் சொன்னவர் ஸ்தெஃபா, எங்கள் வார்டு நர்ஸ். நாற்பது வயது இருக்கும். அவர் குரல் கேட்டால் டாக்டர்களே எழுந்து நிற்பார்கள்.

(1) கோவல்ச்சுக்: கொல்லன் மகன். இந்தப் பெயரில் மட்டும் பதிவேட்டில் ஒன்பது பேர். (2) மெல்னிக்: மாவு ஆலைக்காரர். (3) ஹொன்ச்சார்: குயவர். (4) ஹொரொபெத்ஸ்: சிட்டுக்குருவி. ஆள் நூற்றுப் பத்துக் கிலோ, கட்டில் முனகுகிறது. (5) நெபிய்வோடா: தண்ணீர் குடிக்காதே. சிறுநீரகக் கல்லோடு வந்தார், சத்தியமாக. பழைய போர்வீரர்கள் ஒருவருக்கொருவர் வைத்த பட்டப்பெயர்கள் இப்படி நிறைய நிலைத்துவிட்டனவாம். (6) பெரெபிய்னிஸ்: மூக்கை உடை. ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். (7) பிரிஹோட்கோ: வேற்றூரிலிருந்து வந்தவன். எத்தனை தலைமுறை ஆனாலும் பெயரில் வந்தவன்தான். (9) ஸரிச்னி: ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார். நம் மேட்டுக்காட்டார் போலவேதான், இல்லையா? (10) பானிபுட்லாஸ்கா: 'அம்மணி, தயவுசெய்து' என்பதே குடும்பப் பெயர். இவரிடம் கோபமாகப் பேச எனக்கு வரவே இல்லை.

இப்போது என் கதை. நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். இங்கே எல்லோரையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் வகுப்பில் "ராசப்பன்!" என்று பேராசிரியர் அதட்டினார். அப்பா எப்படி இங்கே வந்தார் என்று நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். என் வெள்ளைக் கோட்டில் ராசப்பன். ஊசி போட்டால், "நன்றி, ராசப்பன்." சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டது.

அதனால் சொல்கிறேன், இது ஓர் எழுத்து. இதற்காக ஊரைப் பகைத்துக்கொள்ளாதே. நீ படித்து வெளியே போய்விடுவாய், சித்தி அங்கேதான் இருக்கவேண்டும். க.சௌ. தமிழினி என்று இரண்டையும் போடு. யாருக்கும் வருத்தமில்லை.

அன்புடன்,
தீபிகா

*

எருமப்பட்டி,
26.10.2025, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பட்டியலை நோட்டில் பிரதி எடுத்தேன். ஏழுக்குப் பிறகு ஒன்பது வருகிறது. எட்டு எங்கே?

நீ மருந்தின் அளவைப் புள்ளி பிசகாமல் எழுதுகிறவள். என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடித்துக் காதைத் திருகியவள். எண் தவறவிட்டாய் என்று நான் நம்பவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னைத் தடுக்கச் சொல்லிப் பெரியப்பா உனக்குப் போன் செய்தாரா?

க.சௌ. பற்றி இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு விதமாகவும் எழுதி எழுதிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா எல்லாவற்றையும் செய்துமுடித்த பிறகும் வரிசையில் இரண்டாவதாகத்தான் நிற்கிறாள். சௌ.க. என்று போடலாமா என்றும் பார்த்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. எனக்கு அவர் பெயர் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். அவர்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். அவர் திரும்பி வருவார் என்று மூன்றாம் வகுப்பு வரை நம்பினேன். ரிக் வண்டி எது போனாலும் சாலைக்கு ஓடினேன். அந்தக் க-வை நான் நிறைய நாள் சுமந்துவிட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. அம்மாவே மறுத்துவிட்டாள். அம்மா எழுதித் தந்தால் மாற்றலாம் என்று டீச்சர் சொன்னதைச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். அவள் குச்சிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"என்ற பேரு எதுக்கு சாமி?"

"நீதானம்மா என்னை வளத்தறே."

"அதுக்குப் பேரை எழுதிக் காட்டோணுமா? நாளைக்கு உனக்கு ஓரிடம் பாத்தா மொதல்ல என்ன கேப்பாங்க? அப்பன் பேரு என்னம்பாங்க. பேரில்லாத புள்ளைன்னு ஒருத்தன் வாயில வந்துரக்கூடாது."

"வரட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீ சொல்லுவே. உன்ற வாயி அப்பிடி. கேட்டுட்டு நிக்கறது நானு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகத்தான் கேட்கிறேன், அவளே வேண்டாம் என்கிறாள். சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். பிறகு பசித்தது, சாப்பிட்டுவிட்டேன். இதையும் எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மறுநாள் பெரியப்பா வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "கண்ணுசாமிக்குச் சொல்லிட்டேன் அம்மிணி. இருவத்தொண்ணாந் தேதிக்குள்ள அவனே வந்து கையெழுத்துப் போட்டுருவான். உனக்கு அப்பன் இருக்கறான்னு பள்ளிக்கூடத்துக்கே தெரியட்டும்."

ஒன்பது வருடம் வராதவரை என் படிவம் வரவழைக்கிறது. அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் எண் எனக்கு வேண்டும், அக்கா.

தமிழினி

*

தெர்னோபில் மாவட்டம்,
4.11.2025.

தமிழினி,

ஆமாம். அப்பா போன் செய்தார். "நீ சொன்னாக் கேப்பா, எடுத்துச் சொல்லு" என்றார். அப்போது பட்டியல் முழுதாக எழுதியிருந்தேன். அதில் எட்டை விட்டுவிட்டு வேறு தாளில் நகல் எடுத்தேன். அடுத்த எண்களை மாற்றாமல் விட்டேன். மறந்தேனா, நீ கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேனா, ஒரு வாரமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. எப்படியானாலும் உன்னை ஏமாற்றினேன். நீ திட்டலாம்.

எட்டு: ரொமானிஷின். நர்ஸ் ஸ்தெஃபாவின் சொந்தக் குடும்பப் பெயர் அது.

மற்ற பெயர்களைச் சொல்லும்போது சிரித்தவர், தன் பெயருக்கு வந்ததும் கையிலிருந்த மருந்துத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார். ரோமான் என்பது ஆண் பெயர். ரோமானின் மனைவியை ரொமானிஹா என்று ஊரில் கூப்பிடுவார்களாம். அந்த ரொமானிஹாவின் பிள்ளைகள் ரொமானிஷின். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் பெண்வழியில் வந்த பெயர்கள் நிறைய. பெத்ரோவின் மனைவி வழியில் பெத்ரிஷின், கொல்லன் மனைவி வழியில் கோவலிஷின். "யாரோ ஒரு ரோமான் செத்திருப்பான், இல்லை எங்கேயோ போய்த் தொலைந்திருப்பான். வீட்டில் நின்றவள் அவள். வீடு யாருடையது என்று கேட்டால் அவளைத்தானே காட்டியிருப்பார்கள்?" என்றார் ஸ்தெஃபா. அது அவர் கணிப்பு, எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் இருக்கிறது. பல தலைமுறையாக ஆண்களும் அதைத்தான் கையெழுத்தாகப் போடுகிறார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

இதைத்தான் உன்னிடமிருந்து மறைத்தேன்.

இன்னொன்று. போன வாரம் சிட்டுக்குருவிக்காரர் குணமாகி வீட்டுக்குப் போனார். வாழ்த்து அட்டை ஒன்று தந்தார். 'டாக்டர் ராசப்பனுக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. அதைப் படம் எடுத்து வீட்டுக் குழுவில் போட்டேன். அப்பா அதற்குக் கீழே, 'என் பேரு அங்கயும் நிக்குது' என்று எழுதினார். பெரியம்மாக்கள், மாமாக்கள் எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கட்டு மாற்றியவள் நான். பதினோரு நாள், காலையும் மாலையும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ செய்ய நினைப்பதைச் செய்.

தீபிகா

*

எருமப்பட்டி,
9.11.2025, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டமாட்டேன். ஆனால் இனி எண்ணை விடாதே.

ரொமானிஷினைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். சாட்சி கிடைத்துவிட்டது என்று பெரியப்பா வீட்டுக்கே ஓடப் பார்த்தேன். செருப்பை மாட்டியபோது ஒரு சந்தேகம் வந்தது. ரொமானிஹா என்றால் ரோமானின் மனைவி. சரி, அந்தப் பெண்ணின் பெயர் என்ன? அவளுக்குப் பிறந்தபோது ஒரு பெயர் வைத்திருப்பார்களே. வீட்டில் நின்றவள் அவள், பிள்ளைகளுக்குப் பெயர் தந்தவள் அவள். அந்தப் பெயருக்குள்ளும் ரோமான்தான் உட்கார்ந்திருக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டேன். இது நான் தேடிய சாட்சி இல்லை, அக்கா. பாதி சாட்சி.

நேற்று சனிக்கிழமை. பெரியப்பாவிடம் போகாமல் பஸ் ஏறி அம்மாவின் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியும், லாரிகள் நிற்கிற தெருவில் தகரக் கூரை போட்ட கொட்டகை. தரையெல்லாம் பச்சைத் தார்ப்பாய் விரித்திருக்கும். அம்மா அதன் நடுவில் தையல் மெஷினோடு ஒரு குளத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருப்பாள். கடைக்காரர் கருப்பண்ணன் வாசலில் நின்று கத்தினார்.

"கண்ணுசாமி பொண்டாட்டி! அந்தப் பத்துச் சக்கர வண்டிப் பாய் முடிஞ்சுதா? டிரைவர் வந்து நிக்கறான்."

"ஒரு ஓரந்தானுங்க, ஆச்சுங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, இங்க எத்தனை வருசமா தைக்கறே?"

"ஏழு."

"ஒரு நாளாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா?"

"கூப்பிடறது காதுல உளுந்தாச் செரி. பாயை இளுத்துப் புடி."

நான் ரொமானிஹா கதையைச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. போரில்லாத காலத்திலும் அந்த ஊர் ஆண்கள் போய்விடுவார்களா என்று கேட்டாள். போகாத ஊர் எது என்றேன். மெஷின் நின்றது.

"அந்தப் பொம்பளை பேரு என்ன?"

"யாருக்கும் தெரியாதும்மா. எழுதி வெக்கலை."

"இத்தனை தலைமொறைக்கும் அவ பேரச் சொல்லிட்டு இருக்கறாங்கன்னே."

"அவ பேரு இல்லீம்மா. அவ ஊட்டுக்காரன் பேரு."

அம்மா மறுபடி மெஷினை ஓட்டினாள். அந்த ஓரத்தைக் கடைசி வரை தைத்தாள். நீளமான ஓரம். நூலை வெட்டினாள், பாயை மடித்தாள், எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, என்ற பேரு சௌந்திரமுங்க."

கருப்பண்ணன் விழித்தார். "அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாக் கூப்பிடுங்க."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். "அண்ணா, பேரைச் சொல்லாட்டிப் பாயி கெடைக்காதாட்ட இருக்குது!"

கருப்பண்ணன் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தார். "செரி சௌந்திரம், பாயை எடுத்துக் குடு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். கொல்லிமலை தெரிந்ததும், "படிவத்தை மடிக்காம வெய்யி. இருவத்தொண்ணாந் தேதி நானே வாரேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாளோ என்று பயம்.

தமிழினி

*

தெர்னோபில் மாவட்டம்,
16.11.2025.

தமிழினி,

அவசரமாக எழுதுகிறேன். சித்தப்பா பிலாஸ்பூரில் ரயில் ஏறிவிட்டார். அப்பாவே சொன்னார். வெள்ளிக்கிழமை இருவரும் பள்ளிக்கு வருவார்கள்.

உன் பக்கம்தான் நான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "உன்னை அத்தனை தூரம் அனுப்பிப் படிக்க வெச்சது நானு, கண்ணுசாமி பொண்டாட்டி இல்லை" என்றார். "அவிய பேரு சௌந்திரம், அப்பா" என்றேன். போனை வைத்துவிட்டார். நேற்றிலிருந்து எடுப்பதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. திரும்பச் சொல்லச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன்.

என் கோட்டில் இருந்த ராசப்பன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, இவர்கள் எழுத்தில் தீபிகா என்று எழுதினேன். ஸ்தெஃபா பார்த்துவிட்டு, "இது யார், புது டாக்டரா?" என்றார். ஆமாம் என்றேன். நீ கேட்ட கேள்வியை, அந்த ரொமானிஹாவின் சொந்தப் பெயர் என்ன என்று, அவரிடம் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "நாற்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட இதை நினைத்ததில்லை" என்றார். வார்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "உன் தங்கைக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

பயப்படாதே. பயந்தாலும் காட்டாதே.

தீபிகா

*

பள்ளி அலுவலகம், எருமப்பட்டி,
21.11.2025, வெள்ளி.

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை ஆறாகப் போகிறது. வீட்டுக்குப் போய் எழுதினால் சில சொற்கள் மறந்துவிடும்.

மதியம் மூன்று மணிக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "அக்கா, உங்களை ஒருத்தர் எங்க கிளாஸ்ல வந்து தேடறாருங்க" என்றாள். போனேன். எட்டாம் வகுப்பு வாசலில் ஒருவர் நின்றுகொண்டு ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்தலை வழுக்கை. கையில் ஒரு துணிப்பை. பின்னால் பெரியப்பா. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டே, "தமிழினி எங்கம்மிணி உக்காந்திருக்குது?" என்று என்னிடமே கேட்டார்.

"நான்தானுங்க. பத்தாவது."

அவர் திரும்பினார். கை என் தலைப் பக்கம் வந்து, பாதியில் நின்றுவிட்டது. என் உயரம் அவருக்குத் தோதாக இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதை மறைக்க முடியாது.

தலைமையாசிரியர் குமரகுரு சார் அறைக்குப் போனோம். அம்மா கடையிலிருந்து நேராக வந்து ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். புடவையில் பச்சை நூல் ஒட்டியிருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்க்கிறாள். "வாங்க" என்றாள், விருந்தாளிக்குச் சொல்வது போல.

குமரகுரு சார் நல்லவர், ஆனால் சண்டைக்குப் பயப்படுகிறவர். "ரெண்டு இனிஷியலும் போட்டு முடிச்சுக்கலாமுங்களே" என்றார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செரி, கண்ணுசாமி மொதல்ல இருந்தாச் செரிங்க" என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அவள் தலையாட்டியிருப்பாள்.

"வேண்டாமுங்க சார். ஒண்ணே போதும்" என்றாள்.

"ஏன் சௌந்திரம், நான் செத்துட்டனா?" என்றார் அப்பா. அவர் குரலை அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன். என் நினைவில் இருந்த குரல் அது இல்லை.

"நல்லா இருங்க. நூறு வயசுக்கு இருங்க. நீங்க இருக்கறதுக்கும் இவ பேருக்கும் என்னங்க?"

"ஊருல நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?" என்று பெரியப்பா எழுந்துவிட்டார்.

"ஒம்போது வருசமா அந்த நாலு பேரும் என்னையத்தான் கேட்டாங்க மாமா. நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன். இனியும் சொல்லிக்கறேன்."

குமரகுரு சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். யார் படிவத்தில் என்ன மாற்றம் கேட்டாலும் சார் முதலில் ஒன்று செய்வார், இந்த மாதம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பிறந்த தேதியைப் பெற்றோர் வாயால் சொல்லச் சொல்லி, சரிபார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். சண்டையில் என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில் அதையே கேட்டார். "செரிங்க, பொண்ணோட பொறந்த தேதி சொல்லுங்க." கேட்டது அப்பாவைப் பார்த்து.

"ஆடி மாசமுங்க..." என்றார் அப்பா. "ரெண்டாயிரத்துப் பன்னெண்டு." பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சுவரைப் பார்த்தார்.

சார் அம்மா பக்கம் திரும்பினார்.

"ரெண்டாயிரத்துப் பத்து, ஆகஸ்டு மூணு. ஆடிப் பதினெட்டு, செவ்வாக்கெழமை. நாமக்கல் பெரியாஸ்பத்திரி, காலைல அஞ்சே காலு. எடை ரெண்டே முக்காக் கிலோ." நிறுத்திவிட்டு, "தடுப்பூசி அட்டையும் வெச்சிருக்கறனுங்க, வேணுமுங்களா?" என்றாள்.

"வேண்டாமுங்க" என்றார் சார். பதிவேட்டை மூடினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்து, பேனாவின் மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார். அறிவுச்செல்வி டீச்சர் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். எழுத்து எழுத்தாக, நேரம் எடுத்துக்கொண்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்பா எழுந்தார். என்னிடம் வந்து, "அப்ப என்ற பேரு உனக்கு வேண்டாமா சாமி?" என்று கேட்டார். அம்மா கூப்பிடுவது போலவே சாமி என்று கூப்பிட்டார். நிறையப் பேச வேண்டும் என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வந்தது இதுதான்:

"உங்க பேரு உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுங்க. அங்க ரெண்டு பேரு அதைப் போட்டிருப்பாங்க. அவியளை உட்டுட்டுப் போயிராதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். துணிப்பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டார். பெரியப்பா பின்னாலேயே போனார், வாசலில் நின்று, "தீபிகா கெடுத்த கெடுப்பு இது" என்றார். உனக்குச் சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர் குரலில் பாதி வேகம்தான் இருந்தது, நீ நாளை போன் செய்து பார். பையில் ஒரு பச்சைப் பாவாடை சட்டை. பத்து வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும். அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஐந்தரைக்குக் கணினியில் ஏற்றினார்கள். ஆபரேட்டர் அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்துக்கங்க, செரியா இருக்குதுங்களா?" என்றார். திரையில் நாற்பத்திரண்டு பெயர்கள், பொடி எழுத்து. அம்மா குனிந்து தேடினாள்.

"கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். சௌ. தமிழினி.

"இன்னும்."

"அக்கா, ஒரு எழுத்துத்தானுங்க. இதுக்கு மேல பெருசு பண்ணுனா ஸ்கிரீன் பத்தாது."

"பத்தற வரைக்கும் பண்ணுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பண்ணினார். என் பெயர் திரைக்கு வெளியே போய்விட்டது. 'சௌ' மட்டும் நின்றது, கதவளவுக்கு. அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தாள். டீச்சர் போகலாம் என்றார், அவள் நகரவில்லை. இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குமரகுரு சார் சாவிக் கொத்தோடு வந்து அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு, "கெளம்பலாமுங்களா, சௌந்திரம்?" என்று கேட்டுவிட்டு, அலுவலக விளக்குகளை அணைத்தார். இந்தக் கடைசி வரியைத் திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன்.